பிறைப் புள்ளி

நவம்பர் 11, செவ்வாய்

பொழியூர்க் கடலோரச் சாலையில் மறுபடியும் ஜல்லி கொட்டியிருக்கிறார்கள். பஞ்சாயத்துத் தேர்தல் வருகிறதல்லவா. மூன்று வரிச் செய்தி. அனுப்பிவிட்டு பஸ்ஸுக்கு நின்றபோது எதிர்ச்சுவரில் புதிதாக ஒரு போஸ்டரைப் பார்த்தேன்.

பாண்டி வேண்டா.

இரண்டே சொல். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. தடித்து, வலப்பக்கம் சாய்ந்து, தூரிகையால் ஒரே மூச்சில் இழுத்த மாதிரி. கோடு முடிகிற இடங்களில் மயிர் பிரிந்த வெள்ளைக் கீறல்கள். தாளின் மேல் ஓரத்தில் கறுப்பாக ஒரு தெறிப்பு. பக்கத்தில் நின்ற மீன்காரி நான் கேட்காமலே சொன்னாள்: "வாலண்டைனுக்க கையாக்கும்."

அவள் சொன்னதில் தப்பில்லை. வாலண்டைன் படகுக்குப் பெயர் எழுதுகிறவன்; இந்தக் கரையில் எந்த வள்ளத்தின் பெயரைப் பார்த்தாலும் அந்தக் கைதான். படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது தெரியும்.

இந்த வார்டில் நிற்கப்போகிறவள் எமில்டா. நீரோடியில் பிறந்தவள். நீரோடி எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாடு; இந்தப் பக்கம் கேரளம். இங்கிருந்து நடந்தே போய்விடலாம். கல்யாணமாகி இங்கே வந்து அவள் மகனுக்கு மீசை முளைத்துவிட்டது. இன்னும் அவள் பாண்டிக்காரிதான். தமிழ்நாட்டுக்கும் பாண்டி, தமிழனுக்கும் பாண்டி; ஊர்ப்பெயரா வசவா என்பதைச் சொல்கிற வாயை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சுவருக்கு வாய் இல்லை.

வாலண்டைன் எதிர்க்கட்சிக்காரன். வேறு என்ன வேண்டும்?

நவம்பர் 12, புதன்

ஏன் தமிழில்? பொழியூர்ச் சுவர்கள் மலையாளம்தான் பேசும். தமிழ்க்காரியை வேண்டாம் என்று தமிழிலா சொல்வான்? யாருக்குப் படித்துக் காட்டுகிறான்?

நவம்பர் 13, வியாழன்

வாலண்டைன் வீட்டுக்கு வந்தான். கையில் பெயிண்ட் கறை இல்லை. அவன் கையை இவ்வளவு சுத்தமாக நான் பார்த்ததே இல்லை.

"அண்ணா, நான் எழுதல்ல."

"எதை?"

"அறியாத்தது போல கேக்கப்பிடாது. ஊரு முழுக்க கண்டாச்சு. நேத்து எழுத வச்சிருந்த வள்ளத்தையும் வேண்டான்னு சொல்லியாச்சு."

அவனுக்கு வள்ளம் பெரிதில்லை. மகள் பின்சிக்கு எமில்டாவின் தம்பி அஜினைப் பேசி முடித்திருக்கிறது. இருபத்து மூன்றாம் தேதி ஞாயிறு கோயிலில் மனசம்மதம். அச்சன், அதாவது பாதிரியார், முன்னால் இருவரிடமும் சம்மதம் கேட்கிற சடங்கு. நீரோடிக்காரர்கள் ஆள் அனுப்பிக் கேட்டார்களாம்: எங்கள் வீட்டுப் பெண்ணை வைது எழுதின கையிலிருந்தா நாங்கள் பெண் எடுப்பது?

"பேப்பர்ல ஒண்ணு போடணும், அண்ணா. வாலண்டைன் எழுதல்லன்னு."

"எழுதினவன் ஆருன்னு தெரியாம எழுதாதவன் ஆருன்னு எப்பிடி போட?"

"அப்போ அண்ணனுக்கும் சந்தேகம் உண்டு."

உண்டு. அவன் படியிறங்கிப் போகும்வரை அவன் விரல் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு மை நகத்தடியில் நிற்கும்.

மனைவி ஸ்ரீகுமாரி உள்ளேயிருந்து: "ஒரு சாயா கூட குடுக்காம பறஞ்சு விட்டாச்சு. பேப்பர்ல போயி வேலைக்குச் சேந்தீங்க, போலீஸ் ஸ்டேஷன்லல்லா சேந்திருக்கணும்."

நவம்பர் 15, சனி

விடிந்ததும் போய், பனியில் ஊறியிருந்த போஸ்டர் ஒன்றைக் கிழியாமல் உரித்தெடுத்து வந்து மேசைமேல் விரித்தேன். ("சோறு திங்கிய மேசையிலயா?" என்றாள் ஸ்ரீகுமாரி.)

பாண்டியில் ஒரு ண். வேண்டாவில் ஒரு ண். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒரே இடத்தில் தூரிகை மயிர் பிரிந்திருக்கிறது; ஒரே மாதிரி பிரிந்திருக்கிறது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். ஒரு கீறல்கூட மாறவில்லை. கையால் எழுதுகிற எவனுக்கும் ஒரு எழுத்து இரண்டாம் தடவை அப்படியே வராது. இது எழுதினதல்ல. கம்ப்யூட்டரில் தட்டி அச்சடித்தது. வாலண்டைனின் கையைப் பார்த்து யாரோ செய்த எழுத்துரு.

இன்னொன்று. ண்ணின் தலையில் புள்ளி இல்லை, பிறை. மல்லாந்த சின்னப் பிறை. மலையாளத்தில் மெய்யெழுத்தின் மேல் போடுகிற சந்திரக்கலை அது. வீட்டில் தமிழ் பேசி, பள்ளிக்கூடத்தில் மலையாளம் மட்டும் எழுதப் படித்தவன் செய்கிற பிழை. எல்லைக்கு வடக்கேயும் தெற்கேயும் ரொம்ப தூரம் போனால் இந்தப் பிழையைச் செய்ய ஆள் கிடைக்காது. இங்கே வீட்டுக்கு ஒருவன் உண்டு.

கடற்கரைக்குப் போனேன். வாலண்டைன் வேலையில்லாமல் ஒரு வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தான். நீரோடிக்காரர்களின் வள்ளங்களில் தமிழ்ப் பெயர். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். எல்லாவற்றிலும் புள்ளி உருண்டை. நெல்லிக்காய் மாதிரி.

ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததையும் கேட்டேன். "எழுத்து ஏன் எப்பவும் வலது பக்கமே சாயுது?"

"வள்ளம் பாயணும் அண்ணா. நேர நிறுத்தினா பேரு உறங்கிப்போவும்."

"செரி, இந்தப் பக்கம் பாயுது. அந்தப் பக்கத்துல முகப்பு இடது கைக்கில்லியா வருது? எழுத்து பின்னால சாஞ்சுல்லா கெடக்கு?"

"அந்தப் பக்கம் நின்னு பாக்கியவனுக்கு வள்ளம் கரைக்குத் திரும்பி வருது."

எத்தனை பேருக்கு இந்தப் பதிலைச் சொல்லியிருப்பானோ. நான் போஸ்டரைப் பற்றிச் சொன்னேன்: அது அச்சு, கை அல்ல, அதில் புள்ளி பிறையாக இருக்கிறது, உன் புள்ளி உருண்டை.

"பிறையா?"

"சந்திரக்கலை போல."

கடலைப் பார்த்தான். "அது தமிழு படிக்காத்தவனுக்க வேலையாக்கும்" என்றான்.

பழி நீங்குகிறது என்று கேட்டவன் ஏன் சந்தோஷப்படவில்லை?

நவம்பர் 16, ஞாயிறு

வாலண்டைனின் மகன் சிபின் திருவனந்தபுரத்தில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை செய்கிறான். வாரக்கடைசியில் ஊருக்கு வருவான். பூசை முடிந்து வெளியே வந்தவனை மரத்தடியில் பிடித்தேன். போஸ்டரை விரித்ததும் மறைக்கவில்லை.

"அது எனக்க ஃபாண்டாக்கும், மாமா. அப்பா எழுதின வள்ளத்தையெல்லாம் போட்டோ எடுத்து வரஞ்சது. 'பொழி'ன்னு பேரு வச்சேன். தலைப்பு, போர்டு, இப்பிடி பெரிசா போடத்தான் ஆவும். சின்னதா போட்டா சாணி அப்பினது போல இருக்கும்."

"அப்போ போஸ்டர் அடிச்சது நீ."

"என்ன மாமா பறயியது! எனக்க தங்கச்சிக்க கல்யாணத்த நானே முடக்கவா? இந்தப் பிறை பழைய ஃபைல்ல உள்ளது. நான் தமிழ் ஸ்கூல்ல படிக்கல்ல. சந்திரக்கலைய அப்பிடியே தூக்கி மேல வச்சேன். ஆபீஸ்ல ஒரு மதுரக்கார அக்கா கண்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. பின்னே எல்லாத்தையும் உருண்டையாக்கினேன். வெளிய போனது உருண்டை மட்டுந்தான்."

"பழைய ஃபைல் ஆருட்ட உண்டு?"

"ஆருட்டயும் இல்ல. எனக்க பழைய லேப்டாப்ல கெடக்கும். அது வீட்ல. பின்சிக்கு சர்க்காரு வேலைக்கு பி.எஸ்.சி. பரீட்சை எழுதப் படிக்க குடுத்தாச்சு."

வெளியே போகாத எழுத்து எப்படிச் சுவரில் ஏறும்? இவன் ஒருவன் கையில் இருந்தது, இவனே சொல்கிறான். அஜின் விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். பட்டணத்தில் வேலை பார்க்கிற அண்ணனுக்கு அந்த மாப்பிள்ளை போதவில்லையோ? இரண்டு ஃபைலிலும் உள்ள எழுத்துகளை மாதிரித் தாளாக அனுப்பச் சொன்னேன். இரண்டுக்கும் எப்போதோ எடுத்த படம் போனில் கிடந்தது; அங்கேயே நின்று அனுப்பினான். "எண்ணிப் பாருங்கோ மாமா, ஏதாவது எழுத்து ஓடிப்போச்சான்னு."

கோபப்படுகிறவனையும் சந்தேகப்படலாம். கோபம் நல்ல மறைப்பு.

நவம்பர் 18, செவ்வாய்

எமில்டா வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "அண்ணா, வாருங்கோ. பாண்டிக்காரிக்க கையால ஒரு சாயா குடிக்கலாம்" என்று கூப்பிட்டாள். கூட வந்த பெண்கள் சிரித்தார்கள்.

சுற்றி வளைக்காமல் கேட்டேன். அனுதாப ஓட்டுக்காக உங்கள் ஆட்களே ஒட்டியிருப்பார்களோ? தமிழில் இருப்பது அதனால்தானோ?

"பாண்டின்னு விளிச்சா ஓட்டு விழும்னா நான் எப்பவோ மந்திரி ஆயிருப்பேன், அண்ணா."

"பின்னே ஏன் போலீஸ்ல பராதி குடுக்கல்ல?"

சிரிப்பு நின்றது. கூட வந்தவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு மெல்லப் பேசினாள். "வாலண்டைன் அண்ணன் எழுதல்ல. அவருக்குப் பறயணும்னா எனக்க முகத்துக்கு நேரே பறயுவாரு. அப்போ வேற ஆரோ. ஆருன்னு நான் அறிஞ்சுட்டா, நாளைக்கு அவங்களுக்க நடையிலயும் போயி கும்பிட்டு நிக்கணும். அறியாம நிக்கியது லேசாக்கும்."

நல்ல பதில். நல்ல பதில்களை நான் நம்புவதில்லை. ஆனால் குறிப்பெடுத்துக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

நவம்பர் 19, புதன்

அச்சடித்த தாளில் மை எப்படித் தெறிக்கும்?

நவம்பர் 20, வியாழன்

தெறிப்பு அல்ல.

சிபின் அனுப்பிய பழைய மாதிரித் தாளை ஃபோட்டோஸ்டாட் கடையில் போஸ்டர் அளவுக்குப் பெரிதாக்கி வாங்கினேன். கோட்டுக்குக் கீழே இறங்குகிற எழுத்துகளை ஒவ்வொன்றாக வெட்டித் தாளின் மேல் ஓரத்தில் வைத்துப் பார்த்தேன். ரு இல்லை. மு இல்லை. கு அச்சாகப் பொருந்தியது. வாலண்டைன் கு போட்டால் அதன் வால் தாழ இறங்கி, சாட்டை மாதிரி சுழித்து நிற்கும். மகன் அதை விடாமல் வரைந்திருக்கிறான். மேலே இன்னொரு வரி இருந்திருக்கிறது. அதை யாரோ வெட்டியிருக்கிறார்கள். வால் மட்டும் கீழ்வரிக்குள் தொங்கியதால் வெட்டில் அகப்படவில்லை.

குவில் முடிகிற சொல். நமக்கு? தேர்தல் போஸ்டர் என்றால் அதுதான் வர வேண்டும். ஆனால் இந்த எழுத்துருவில் நவுக்கும் கால் கீழே நீளும். இடப்பக்கம் அந்தக் காலின் நுனியாவது தெரிந்திருக்க வேண்டும். அங்கே தாள் வெள்ளையாக இருக்கிறது. னவும் எவும் கோட்டோடு நின்றுவிடுகின்றன.

எனக்கு.

எனக்கு பாண்டி வேண்டா.

கட்சி 'எனக்கு' என்று பேசாது. அது ஓர் ஆள் தன் காரியத்தைச் சொல்வது. பாண்டி என்பதும் அப்போது எமில்டா இல்லை, ஊர். யாரைப் பாண்டிக்கு அனுப்பப் பேசி முடித்திருக்கிறது? பழைய லேப்டாப் யாரிடம் இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமையே சிபின் சொன்னான். நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

உச்சக்கடை பஸ் நிறுத்தத்தில் பின்சி வகுப்பு முடிந்து வருகிற நேரத்துக்குப் போய் நின்றேன்.

"மாமா வருவீயன்னு தெரியும். எழுத்த எண்ணிக்கிட்டு நடக்கியன்னு சிபின் அண்ணன் சொன்னான்."

போஸ்டரை நீட்டினேன். மேல் ஓரத்தில், வாலுக்கு மேலே, பென்சிலால் 'எனக்கு' என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு, மடித்து, என்னிடமே தந்தாள்.

"லேப்டாப்ல அடிச்சு போன்ல ஸ்டேட்டஸா போட்டதாக்கும், மாமா. அஜினுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது, அதான் தமிழ்ல. நேர்ல பறய எனக்கு தைரியம் இல்ல. போட்டுட்டு, பேடிச்சு, கொஞ்ச நேரத்துல அழிச்சேன். அவரு அப்போ ஆழ்கடல்ல. ரேஞ்சு இல்ல. அதுக்குள்ள ஆரோ ரெண்டு மூணு பேரு கண்டாச்சு, அவரு மட்டுந்தான் காணல்ல."

"முதல் வரிய வெட்டி அடிச்சது ஆரு?"

"அறியாது."

எனக்கு ஓர் ஊகம் உண்டு. ஆதாரம் இல்லை. இங்கும் எழுத மாட்டேன்.

"அஜின் ஆளு மோசமா?"

"அய்யோ, பாவம் மனுஷன்."

"பின்னே?"

"எமில்டா மாமிய இங்க என்ன விளிக்கியாவ? நல்லது செய்தாலும் பாண்டிக்காரி, கெட்டது செய்தாலும் பாண்டிக்காரி. நான் அங்க போனா என்னை மலையாளத்தின்னு விளிப்பாவ. கடையில, கோயில்ல, சண்டை வந்தா வீட்டுலயும். சாவியது வரைக்கும் அதுதான் எனக்க பேரு. எனக்கு வேண்டா மாமா. அதைத்தான் எழுதினேன்."

"அதுக்கு உனக்க அப்பாவுக்க கைதானா கெடச்சுது?"

"கையா?" புரியாமல் பார்த்தாள். "அது ஃபாண்டு, மாமா. லிஸ்ட்ல கெடந்துது, தொட்டேன்." பஸ் ஒன்று வந்து போனது. பிறகு, வேறு குரலில்: "சுவத்துல கண்ட அண்ணைக்குத்தான் அது அப்பான்னு எனக்குத் தோணிச்சு."

பேப்பரில் வருமா என்று கேட்டாள். நான் என்ன சொல்ல? எழுதினால் வாலண்டைன் தப்புவான். 'ஓர் இளம்பெண்' என்று போட்டாலும் பொழியூரில் அது பெயரைப் போட்டதற்குச் சமம். எமில்டாவை வைதவள் என்று அவள் தலையில் விழும். வெட்டிப்போன முதல் வரியை யார் வாசிக்கப் போகிறார்கள்? எழுதாவிட்டால் அவன் கை கழுவினாலும் கறை போகாது.

"ஞாயித்துக்கிழமைக்கு முந்தி ஆருட்டயாவது நீ பறயணும், மக்கா" என்றேன். "இல்லங்கி அச்சனுக்க முன்னால நின்னு சம்மதம்னு பறய வேண்டி வரும்."

தலையாட்டினாள். அப்பனிடம் சொல்வாளா? எனக்கு நம்பிக்கை இல்லை.

நவம்பர் 22, சனி

அப்பனிடம் சொல்லவில்லை. நேராக எமில்டாவிடம் போயிருக்கிறாள்.

எமில்டா இன்று வாலண்டைன் வீட்டுக்குப் போனாளாம். முற்றத்தில் நின்றுகொண்டு, அக்கம்பக்கம் கேட்கும்படியாக: "அண்ணா, தப்பா நெனக்கப்பிடாது. தம்பிக்கு இப்போ கல்யாணம் வேண்டான்னு எங்க வீட்ல தீருமானிச்சாச்சு. குத்தம் எங்களுக்கதாக்கும்." அதே மூச்சில்: "வேற ஒரு காரியம். எனக்க சுவரெழுத்து நீங்கதான் எழுதணும்."

வாலண்டைன் போனில் சொன்னான். "எனக்கு ஒரு பிடியும் கிட்டல்ல, அண்ணா. பெண்ண வேண்டான்னு சொல்லுதா, கைய வேணும்னு கேக்குதா."

தெரிந்தவனைப் போல நான் எப்படிப் பேச முடியும்? "எழுதிக் குடு" என்றேன்.

நவம்பர் 23, ஞாயிறு

மனசம்மதம் நடக்கவில்லை. மத்தியானம் வரை மழை.

நவம்பர் 26, புதன்

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, அதே சுவர். மிச்சமிருந்த போஸ்டர்களை எமில்டாவே சுரண்டி எடுத்து வெள்ளை அடிக்க வைத்திருக்கிறாள். வாலண்டைன் ஏணியில் நின்று அவள் பெயரை எழுதினான். மேலே மலையாளத்தில், கீழே தமிழில். பஸ்ஸுக்கு வந்தவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள்.

மீன்காரி: "அவளுக்க பேர அவரே எழுதுதாரு. பின்னே எப்பிடி அவரு வைது எழுதுவாரு? ஒவ்வொருத்திக்க நாக்கு!" முதலில் சொன்னது யார் என்று நான் அவளுக்கு ஞாபகப்படுத்தவில்லை.

அவன் கட்சிக்காரன் ஒருவன் கீழே நின்று முறைத்தான். "எலே, பிரஷு வேற, ஓட்டு வேற. வெளிச்சத்த மறைக்காத, மாறு" என்றான் வாலண்டைன்.

எமில்டா. ல்லின் தலையில் புள்ளி உருண்டை. பார்த்துக்கொண்டேன்.

அவன் இறங்கியதும் கேட்டேன். "அந்த போஸ்டர் ஆரு செய்ததுன்னு உனக்கு சந்தேகம் ஏதாவது உண்டா?"

"எனக்கு ஆருக்க மேலயும் சந்தேகம் இல்ல, அண்ணா."

ஊரே பழித்தவனுக்கு ஒருவர் மேலும் சந்தேகம் இல்லையா? எனக்கு அதுதான் சந்தேகமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து எழுதி வைத்திருந்த செய்தியைக் கிழித்துப் போட்டேன். சுவரிலேயே வந்துவிட்ட மறுப்புக்குப் பேப்பர் எதற்கு?

டிசம்பர் 9, செவ்வாய்

ஓட்டுப் போட்டேன். திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தபோது ஸ்ரீகுமாரி என் விரல் மையை உற்றுப் பார்த்தாள். "இது கையால வச்சதா, அச்சடிச்சதா?"

டிசம்பர் 13, சனி

எமில்டா தோற்றுவிட்டாள். வித்தியாசம் அதிகமில்லை. மூன்று வரிச் செய்தி.

டிசம்பர் 15, திங்கள்

தோற்றவர்களும் இங்கே நன்றி சொல்வது வழக்கம். அதே சுவரில், அதே ஏணியில் வாலண்டைன். பழைய எழுத்தின் மேல் வெள்ளை அடித்து, தமிழில் மட்டும் எழுதி முடித்திருந்தான்.

நன்றி. எமில்டா.

தடித்த எழுத்து, சாய்வு, கடைசிக் கோட்டில் மயிர்ப் பிரிவு, எல்லாம் வழக்கம்போல. ஆனால் ன்னின் மேல் உருண்டை இல்லை. ல்லின் மேலும் இல்லை. இரண்டிலும் மல்லாந்த பிறை, பின்சியின் எழுத்தில் இருந்த அதே பிறை.

கிட்டப் போய்ப் பார்த்தேன். "புள்ளி மாறிப்போச்சே, வாலண்டைன்."

"பிரஷு வழுக்கினதாக்கும்."

"ரெண்டு இடத்திலயுமா?"

"ரெண்டு இடத்திலயும் வழுக்கிச்சு."

எதிரே, வகுப்புக்குப் போக பின்சி நின்றிருந்தாள். புத்தகப் பை தோளில். பஸ் வந்து நின்று, கண்டக்டர் மணியடித்து, புறப்பட்டுப் போனது. அவள் ஏறவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாலண்டைன் அந்தப் பக்கம் திரும்பாமல், பிறைகளில் ஒன்றின் நுனியை இன்னும் கொஞ்சம் கூர்மையாக்கினான்.

"அண்ணா, ஏணிய ஒண்ணு பிடிக்கணும். நான் இறங்கட்டும்."

பிடித்தேன்.